ரால்ஃப் பன்ச்: சமாதானம் செய்தவரா, சண்டையை நிறுத்தியவரா?

கேள்வி — வாசகர் ஒருவர், 07.08.2022, மாலை 5.10

இன்று ஐ.நா. அதிகாரியாக இருந்த அமெரிக்கர் ரால்ஃப் பன்ச் பிறந்த நாளாம். கறுப்பினத்தவரில் முதன்முதலாக நோபல் பரிசு பெற்றவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? 1949-இல் அரபு நாடுகளிடமும் இஸ்ரேலிடமும் அவர் வாங்கிய கையெழுத்துகள் எவையும் சமாதானத்தைக் கொண்டுவரவில்லை. காங்கோவில் அதன் முதல் பிரதமர் லுமும்பாவைக் கைவிட்டார். சொந்த மக்கள் தெருவில் அடிபட்டபோது ஐ.நா. கட்டடத்தின் 38-ஆம் மாடியில் இருந்தார். தமக்கு வசதியான ஒருவருக்கு வெள்ளையர் கொடுத்த பரிசு என்பதே என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

07.08.2022, இரவு 10.40

மறுக்கும் முன் ஓர் ஒப்புதல். 1970-களின் இறுதியில் ஒரு நூற்பாலையின் அலுவலக வேலைக்கு நேர்முகத்துக்குப் போயிருந்தபோது, அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர் யார் என்று கேட்டார்கள். மார்ட்டின் லூதர் கிங் என்று தயங்காமல் சொன்னேன்; கேட்டவரும் திருப்தியாகத் தலையசைத்தார். இருவருக்குமே தெரியவில்லை. கிங் பெற்றது 1964-இல். அவருக்கு முன்பே 1960-ஆம் ஆண்டுக்கான பரிசு தென்னாப்பிரிக்காவின் ஆல்பர்ட் லுதூலிக்குப் போயிருந்தது. இருவருக்கும் முன்னால், 1950-இல், பன்ச். வேலை கிடைத்துவிட்டதால் அந்தப் பிழையை நான் பல ஆண்டுகள் திருத்திக்கொள்ளவே இல்லை.

இனி உங்கள் முதல் குற்றச்சாட்டு. 1949-இன் கையெழுத்துகள் சமாதானத்தைக் கொண்டுவரவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவை சமாதான ஒப்பந்தங்களே அல்ல, போர்நிறுத்த உடன்படிக்கைகள். 1948 நவம்பர் 16 அன்று பாதுகாப்புச் சபை கேட்டது அதைத்தான். நிலையான சமாதானத்தைப் பேசி முடிப்பதற்கென்று பொதுச் சபை அமெரிக்கா, பிரான்ஸ், துருக்கி ஆகிய மூன்று நாடுகளைக் கொண்ட வேறொரு சமரச ஆணையத்தை அமைத்தது. அது லோசானில் கூடி, ஒன்றும் முடியாமல் போயிற்று. அந்தத் தோல்விக்குப் பன்ச்சைப் பொறுப்பாக்குவது, பந்தல் போட்டவரைப் பிடித்துக் கல்யாணம் ஏன் முறிந்தது என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

அவர் எந்த நிலையில் அந்த வேலையை ஏற்றார் என்பதையும் பார்க்க வேண்டும். ஐ.நா.வின் பாலஸ்தீன சமரசத் தூதர் சுவீடனைச் சேர்ந்த கவுண்ட் ஃபோல்க் பெர்னடாட். பன்ச் அவருடைய தலைமை உதவியாளர். 1948 செப்டம்பர் 17 அன்று ஜெருசலேமில் ஸ்டெர்ன் கும்பல் என்று அழைக்கப்பட்ட யூதத் தீவிரவாத லெஹி அமைப்பினர் பெர்னடாட்டைக் காரில் வைத்தே சுட்டுக் கொன்றார்கள். பக்கத்து இருக்கையில் பன்ச் இருந்திருக்க வேண்டும், வழியில் தாமதமாகிவிட்டது. அந்த இடத்தில் அமர்ந்த பிரெஞ்சுக் கர்னல் ஆந்த்ரே செரோவும் உயிரிழந்தார். அதன் பிறகு தற்காலிகத் தூதர் பொறுப்பு பன்ச்சின் மேல் வந்தது. அடுத்த பத்து மாதங்களில் எகிப்து, லெபனான், ஜோர்டான், சிரியா ஆகிய நான்கு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் இடையே ரோட்ஸ் தீவில் நான்கு உடன்படிக்கைகள் கையெழுத்தாயின.

08.08.2022, காலை 7.15

'பஞ்ச்' என்று எழுதினால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எழுதலாம், ஒலிப்பில் பெரிய பிழையில்லை. ஆனால் தமிழில் 'பஞ்ச்' என்றவுடன் திரையரங்கில் விசில் பறக்கும் வசனம்தான் நினைவுக்கு வருகிறது. இவரோ வாழ்நாள் முழுவதும் யாரும் விசிலடிக்க முடியாத வாக்கியங்களையே எழுதிக் கொடுத்தவர். ஆகவே பன்ச்.

09.08.2022, இரவு 11.30

ரோட்ஸ் பற்றி விரிவாக எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கும் அதில் தனி ஆர்வம் உண்டு. பதினெட்டு ஆண்டுகள் தொழிற்சங்கத்தின் பக்கம் அமர்ந்து, தொழிலாளர் உதவி ஆணையரின் அறையில் முத்தரப்புப் பேச்சுவார்த்தைகளில் கலந்துகொண்டவன் நான். தொழில் தகராறுச் சட்டப்படி சமரச அதிகாரியின் முன் கையெழுத்தான 12(3) ஒப்பந்தம் எப்படி உருவானது என்பதை வரி வரியாகப் பார்த்திருக்கிறேன். ஆகவே பன்ச் செய்ததைப் படிக்கும்போது எனக்கு உலக அரசியலைவிடத் தொழில்நுணுக்கமே முதலில் கண்ணில் படுகிறது.

1949 ஜனவரி 13 அன்று, ரோட்ஸ் தீவின் ஓட்டல் தே ரோஸ் விடுதியில் எகிப்தியக் குழுவும் இஸ்ரேலியக் குழுவும் வெவ்வேறு மாடிகளில் தங்கியிருக்க, பேச்சு தொடங்கியது. தொடக்க நாட்களில் பன்ச் இரு தரப்பையும் அவரவர் இடத்தில் தனித்தனியே சந்தித்தார். பிறகு ஒரே அறையில் கூட்டி, முதல் வேலையாக நிகழ்ச்சி நிரலை ஒப்புக்கொள்ளச் செய்தார். எல்லை, படை, கைதிகள் என்று எதையும் தொடவில்லை. என்னென்ன பேசப் போகிறோம் என்ற காகிதத்துக்கு முதலில் சம்மதம். அதன்பின் பேச்சு நடக்கும்போது படைபலத்தை நாடுவதில்லை என்ற பொது உறுதிமொழிக்குச் சம்மதம். ஏன் இப்படி என்று பின்னாளில் அவரே விளக்கியிருக்கிறார்: இரு தரப்பும் சந்திக்க வேண்டும் என்பது ஒரு நோக்கம், ஏதாவதொன்றில் கையெழுத்துப் போட்டுப் பழக வேண்டும் என்பது இன்னொரு நோக்கம். பேனாவைத் தொடவே கூசுகிறவனை முதலில் ஆபத்தில்லாத தாளில் கையெழுத்திட வைத்துவிட்டால், அடுத்த தாள் அவ்வளவு பயமுறுத்தாது. எங்கள் பேச்சுவார்த்தைகளில் ஓர் அதிகாரி எப்போதும் கேன்டீன் தேநீரின் தரத்தைத்தான் முதல் பொருளாக எடுப்பார். போனஸ் கடைசியில் வரும். அப்போது அவரைச் சோம்பேறி என்று நினைத்தேன்.

இரு தரப்புக்கும் கழுத்தை நெரித்த விவகாரங்கள் இரண்டு. ஒன்று ஃபலூஜா: ஏறத்தாழ 4,000 எகிப்திய வீரர்கள் அங்கே இஸ்ரேலியப் படையின் முற்றுகையில் சிக்கியிருந்தார்கள், அவர்களுள் ஒருவர் பின்னாளில் எகிப்தின் அதிபரான கமால் அப்துல் நாசர். அவர்கள் மானத்தோடு வெளியேறாமல் எகிப்து எதற்கும் இணங்காது. மற்றொன்று அல்-அவுஜா: சினாய்க்குள் நுழையும் சாலைச் சந்திப்பு, போரில் பிடித்த அதை இஸ்ரேல் விடாது. பன்ச் கண்ட வழி, அவுஜாவை இரு தரப்புப் படைகளும் நுழையாத பகுதியாக்கி, உடன்படிக்கையை மேற்பார்வையிடும் கூட்டு ஆணையத்துக்கு அதையே தலைமையிடமாக்குவது. ஃபலூஜாப் படை நாடு திரும்பியது. காஸாப் பகுதி எகிப்தின் கையில் இருந்தது. பீர்ஷெபா இஸ்ரேலிடம் நின்றது. பிப்ரவரி 24 அன்று கையெழுத்து. மொத்தம் ஆறு வாரம். இரவெல்லாம் கூட்டம், அவ்வப்போது பிரதிநிதிகளோடு பில்லியர்ட்ஸ், மறுநாள் காலையில் புதிய வரைவு என்று அந்த ஆறு வாரமும் ஓடின.

அந்த உடன்படிக்கையில் எனக்குப் பிடித்த வாக்கியம் ஒன்று உண்டு. வரையப்பட்ட கோட்டை எந்த வகையிலும் அரசியல் எல்லையாகவோ ஆட்சி எல்லையாகவோ கருதக் கூடாது என்று அது சொல்கிறது. கோடு உண்டு, ஆனால் எல்லை இல்லை. இரு தரப்பும் தத்தம் மக்களிடம் போய் 'நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை' என்று பொய் சொல்லாமலே சொல்ல இடம் கொடுக்கும் வாக்கியம் இது.

ஒரு சிறு கதையையும் சேர்த்துவிடுகிறேன். பேச்சு முடியும் முன்பே, ரோட்ஸ் மட்பாண்டக் கலைஞர்களிடம் நினைவுத் தட்டுகள் செய்யச் சொல்லி வாங்கி வைத்திருந்தாராம் பன்ச். அதைப் பார்த்து வியந்த பிரதிநிதிகளிடம், உடன்பாடு வந்தால் ஆளுக்கொரு தட்டு, வராவிட்டால் இவற்றை உங்கள் தலையில்தான் உடைப்பேன் என்று சொன்னார். ஆக, அவரிடமும் ஒரு பஞ்ச் வசனம் இருந்திருக்கிறது. நேற்றைய குறிப்பைத் திரும்பப் பெறுகிறேன். பெயரை மாற்றப் போவதில்லை.

10.08.2022, காலை 6.50

திருத்தம். 7-ஆம் தேதிக் குறிப்பில் நான்கு உடன்படிக்கைகளும் ரோட்ஸ் தீவில் கையெழுத்தானதாக எழுதிவிட்டேன். தவறு. எகிப்தும் ஜோர்டானும்தான் ரோட்ஸில். லெபனான் உடன்படிக்கை மார்ச் 23 அன்று எல்லையோர நகூராவில். சிரியாவுடனானது ஜூலை 20 அன்று இரு படைகளுக்கும் இடைப்பட்ட வெற்று நிலத்தில் போட்ட கூடாரத்தில், பன்ச்சின் சகா ஆன்ரி விஜியேயின் முன்னிலையில். ஏப்ரல் 3-இல் கையெழுத்தான ஜோர்டான் உடன்படிக்கையிலும், உண்மையான பேரம் மன்னர் அப்துல்லாவின் ஷுனா மாளிகையில் இரவுகளில் ரகசியமாக நடந்தது. ரோட்ஸில் நடந்தது பெரும்பாலும் சடங்கு. தம் பேச்சுவார்த்தைக்குப் பின்னால் இன்னொரு பேச்சுவார்த்தை நடப்பதைத் தெரிந்துகொண்டே மேசையில் அமர்ந்திருப்பதும் சமரசக்காரரின் வேலையில் ஒரு பகுதிதான். எங்கள் ஆலையிலும் அது நடந்ததுண்டு. ஈராக் எதிலும் கையெழுத்திடவே இல்லை.

12.08.2022, இரவு 9.20

நோபல் பரிசை வைத்து மட்டும் அவரைப் பார்த்தால் அவருடைய பெரிய வேலை தப்பிவிடும் என்று தோன்றுகிறது. எனக்கும் இரண்டு நாளைக்கு முன்வரை தப்பித்தான் இருந்தது.

1934-இல் ஹார்வர்டில் அவர் முனைவர் பட்டம் பெற்றார்; அமெரிக்காவில் அரசியல் அறிவியலில் முனைவரான முதல் கறுப்பினத்தவர் அவரே. எடுத்துக்கொண்ட பொருள், மேற்கு ஆப்பிரிக்காவில் அருகருகே இருந்த இரண்டு பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகள். தஹோமி நேரடிக் குடியேற்ற நாடு. டோகோலாந்து, முதல் உலகப் போருக்குப் பின், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் ஆணையின்படி பிரான்ஸ் பொறுப்பில் விடப்பட்ட நாடு. சங்கத்தின் மேற்பார்வை இருக்கும் இடத்தில் மக்களின் வாழ்க்கை வேறுபடுகிறதா என்று நேரில் போய்ப் பார்த்தார். பெரிதாக வேறுபடவில்லை என்பதுதான் கண்டது. காகிதத்தில் மேற்பார்வை, தரையில் அதே பழைய துரை.

1945-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் எழுதப்பட்டபோது, தன்னாட்சியற்ற நாடுகள் பற்றிய அத்தியாயத்தையும் தர்மகர்த்தா முறை பற்றிய அத்தியாயங்களையும் வடிவமைத்தவர்களில் அமெரிக்கக் குழுவின் பன்ச் முக்கியமானவர். நம் பொது அறிவு நூல்களில் 'தர்மகர்த்தா சபை' என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான். பொருத்தமான சொல், கோயில் சொத்து தன்னுடையது என்று தர்மகர்த்தா நினைக்கத் தொடங்கும்போது என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். பன்ச்சுக்கும் டோகோலாந்தில் அது தெரிந்திருந்தது. பழைய முறையில் இல்லாத இரண்டு உரிமைகள் இப்போது சேர்ந்தன: அங்குள்ள மக்கள் நேரே ஐ.நா.வுக்கு மனு அனுப்பலாம், ஐ.நா. குழு நேரே போய்ப் பார்வையிடலாம். 1946-இல் அந்தப் பிரிவின் தலைமையையும் அவரே ஏற்றார். இந்த முறையின்கீழ் 11 நாடுகள் வந்தன. கடைசியாக 1994-இல் பலாவ் வெளியேறியது. டோகோவும் தஹோமியும் 1960-இல் விடுதலை பெற்றன. அந்த ஓராண்டில் மட்டும் 17 ஆப்பிரிக்க நாடுகள். இதற்குப் பன்ச் ஒருவர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. விடுதலையை அந்தந்த மக்கள் வாங்கினார்கள். ஆனால் மனுப் போட ஒரு சன்னலைச் சாசனத்தில் திறந்து வைத்தவர்களில் அவரும் ஒருவர்.

1947-இல் பாலஸ்தீனத்துக்குப் போன 11 நாடுகளின் விசாரணைக் குழுவுக்கும் அவரே எழுத்தாளர் போல இருந்தார். குழு இரண்டாகப் பிரிந்தது. ஏழு நாடுகள் பிரிவினை என்றன. இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா மூன்றும் ஒரே கூட்டாட்சி என்றன. ஆஸ்திரேலியா எதிலும் சேரவில்லை. இரண்டு அறிக்கைகளின் வரைவிலும் பன்ச்சின் கை இருந்தது. இதற்காகத் தன்னைத் தானே கேலி செய்துகொண்டவர் அவர்.

13.08.2022, மதியம் 2.00

'சொந்த மக்கள் அடிபட்டபோது 38-ஆம் மாடியில்' என்ற வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இதே சொல்லடியை அவர் உயிரோடிருந்தபோதே கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் முதலியோர் வீசினார்கள் என்பதால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

டெட்ராய்ட்டில் முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரின் மகன். 1917-இல் அல்புகெர்க்கியில் தாயை இழந்தார். பாட்டி லூசி ஜான்சன்தான் லாஸ் ஏஞ்சலிஸுக்கு அழைத்துப்போய் வளர்த்தார். பள்ளியில் முதல் மாணவன். ஆனால் நகரத்தின் சிறந்த மாணவர் சங்கத்தில் நிறத்தின் காரணமாக இடமில்லை. பள்ளி முடியும் நாளில், 'ரால்ஃபைக் கறுப்பர் என்று நாங்கள் நினைத்ததே இல்லை' என்று தலைமையாசிரியர் பாராட்டாகவே சொன்னபோது, அது அவனுக்கும் அவனைப் பெற்றவர்களுக்கும் இழுக்கு என்று பாட்டி அந்த இடத்திலேயே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இப்படிப்பட்ட பாட்டி வளர்த்த பிள்ளை.

1930-களில், ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் தாம் உருவாக்கிய அரசியல் துறையில் பாடம் நடத்திய நாட்களில் அவர் இடதுசாரி. நிறத்தைவிட வர்க்கம்தான் அடிப்படை என்று 1936-இல் நூலே எழுதினார். லண்டனில், பின்னாளில் கென்யாவின் அதிபரான ஜோமோ கென்யாட்டாவிடம் சுவாஹிலி கற்றார். 1937-இல் தென்னாப்பிரிக்காவைச் சுற்றி நாட்குறிப்பு எழுதினார். அந்த இடதுசாரிப் பழக்கங்களுக்காகவே 1954-இல், கம்யூனிஸ்ட் சார்பு உண்டா என்று தேடிய அமெரிக்க விசுவாச விசாரணைக் குழுவின் முன் நிற்க நேர்ந்தது. குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். நோபல் பரிசு பெற்று நான்கு ஆண்டு ஆன மனிதர் அப்போது. வசதியான ஆள் என்று வெள்ளையர் கருதியிருந்தால் இந்த விசாரணை எதற்கு?

1949-இல் அதிபர் ட்ரூமன் அவரை வெளியுறவுத் துறையின் உதவிச் செயலாளராக்க முன்வந்தார். மறுத்தார். வாஷிங்டனில் ஏற்கெனவே வாழ்ந்து பார்த்தவர். வீட்டருகே இருந்த பள்ளி வெள்ளையருக்கு மட்டும் என்பதால் தம் மகள்களைத் தொலைவிலுள்ள பள்ளிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அந்த நிறவெறி நகரத்துக்குக் குடும்பத்தோடு திரும்ப விருப்பமில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். 1959-இல் நியூயார்க் ஃபாரஸ்ட் ஹில்ஸில் உள்ள வெஸ்ட் சைட் டென்னிஸ் கிளப் அவருடைய மகனைச் சேர்க்க மறுத்தது. செய்தி வெளிவந்து ஊரே பேசியதும் கிளப் தலைவர் பதவி விலகினார், உறுப்பினராகும்படி அழைப்பும் வந்தது. பன்ச் ஏற்கவில்லை, தம் புகழுக்காகத் திறந்த கதவு சாதாரணக் கறுப்பினத்தவருக்குத் திறந்ததாகாது என்பது அவர் வாதம்.

1965 மார்ச்சில் கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காகச் செல்மாவிலிருந்து மாண்ட்கோமரி சென்ற பேரணியில் கிங்குடன் முன்வரிசையில் நடந்தார். அறுபது வயது, நீரிழிவு, கால் வலி. ஐ.நா.வின் துணைப் பொதுச்செயலாளர் ஒருவர் தம் சொந்த நாட்டு அரசை எதிர்த்துத் தெருவில் நடப்பது அந்தப் பதவிக்கு எளிதான காரியமல்ல. ஆகவே மாடியில் மட்டும் இருந்தார் என்பதை ஏற்க முடியாது. ஆண்டின் பெரும்பகுதி மாடியில்தான் இருந்தார் என்பதையும் மறுக்க முடியாது.

13.08.2022, இரவு 8.05

மேலே 'வசதியான ஆள் என்றால் விசாரணை எதற்கு' என்று கேட்டது வலுவான வாதமல்ல என்று மனைவி சொல்கிறாள். விசாரணையிலிருந்து தப்பியபின் மேலும் வசதியான ஆளாகியிருக்கலாமே என்கிறாள். பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

16.08.2022, காலை 10.30

காங்கோ. மூன்று நாள் தள்ளிப்போட்டேன்.

1960 ஜூன் 30 அன்று பெல்ஜியத்திடமிருந்து காங்கோ விடுதலை பெற்றபோது பன்ச் தலைநகர் லியோபோல்ட்வில்லில் இருந்தார். ஒரு வாரத்துக்குள் படையில் கலகம். பெல்ஜியத் துருப்புகள் திரும்ப இறங்கின. ஜூலை 11-இல் தாமிர வளம் மிக்க கட்டங்கா மாகாணம் ஷோம்பேயின் தலைமையில் தனிநாடென்று அறிவித்துக்கொண்டது. ஜூலை 14-இல் பாதுகாப்புச் சபை தீர்மானம், மறுநாளே ஐ.நா. படைகள் வரத் தொடங்கின. ஒரு நாட்டின் நிர்வாகமே விழுந்துகொண்டிருந்தபோது சில நாட்களில் இத்தனை படைகளை இறக்கி ஒழுங்குபடுத்தியது பன்ச்தான்.

லுமும்பா கொலைக்கு அவரைப் பொறுப்பாக்குவது காலவரிசைக்கே ஒத்துவராது. ஆகஸ்ட் இறுதியில் அவர் காங்கோவை விட்டுப் போய்விட்டார். செப்டம்பர் 5-இல் அதிபர் கசவூபு லுமும்பாவைப் பதவி நீக்கியபோது, வானொலி நிலையத்தையும் விமான நிலையங்களையும் மூடச் செய்து லுமும்பாவின் குரலை அடைத்தவர் இடைக்காலப் பொறுப்பிலிருந்த ஆண்ட்ரூ கோர்டியர். பன்ச்சுக்குப் பிறகு நிரந்தரப் பொறுப்புக்கு வந்தவர் இந்தியாவின் ராஜேஷ்வர் தயாள். லுமும்பா 1961 ஜனவரி 17 அன்று கட்டங்காவில் கொல்லப்பட்டார்.

ஆனால் ஆகஸ்ட் மாதம் பன்ச்சின் கணக்கில்தான் வருகிறது. ஆகஸ்ட் 4-இல் கட்டங்காவின் தலைநகர் எலிசபெத்வில்லுக்குப் பறந்து, ஷோம்பேயின் ஆட்கள் ஆயுதத்தோடு எதிர்ப்பார்கள் என்று கணித்து, ஐ.நா. படை நுழைவதைத் தள்ளிப்போடச் சொன்னார். பொதுச்செயலாளர் ஹமர்ஷீல்ட் தாமே வந்து ஷோம்பேயுடன் பேசி, 12-ஆம் தேதி படை நுழைந்தது. பிரதமர் லுமும்பாவுக்கு இதைப் பார்த்து என்ன தோன்றியிருக்கும்? தம் நாட்டைப் பிளந்தவனோடு ஐ.நா. பேரம் பேசுகிறது என்றுதான். பன்ச் தம் கடிதங்களில் லுமும்பாவைப் பற்றிக் கடுமையாகவே எழுதினார். ரோட்ஸில் எதிராளியின் மனதுக்குள் போய் வந்த மனிதர், முப்பத்தைந்து வயதில் ஒரு மாதமேயான நாட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த ஓர் ஆப்பிரிக்கரின் பதற்றத்துக்குள் போகவில்லை. டோகோலாந்து பற்றி ஆய்வெழுதியவரிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை. இந்த இடத்தில் கேள்வி கேட்டவரோடு முக்கால் பங்கு உடன்படுகிறேன்.

20.08.2022, மாலை 6.45

38-ஆம் மாடி என்றவுடன் ஒரு நினைவு. பொதுச்செயலாளரின் அந்த மாடியில் பன்ச்சோடு இருந்தவர்களில் ஒருவர் நம் சி. வி. நரசிம்மன், மதராஸ் மாகாண ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்து, ஹமர்ஷீல்டுக்கும் அவருக்குப் பின் பொதுச்செயலாளரான ஊ தாண்டுக்கும் செயலகத் தலைவராகப் பணியாற்றியவர். 1966 அக்டோபரில் எம். எஸ். சுப்புலட்சுமி ஐ.நா.வில் பாடியதற்கு முயற்சி எடுத்தவரும் அவர். அந்தக் கச்சேரியின் பெருமையைக் கேட்டே வளர்ந்தவன் நான். அதே தாழ்வாரத்தில் காங்கோவும் காஸாவும் சைப்பிரசும் கோப்புகளாக நடந்துகொண்டிருந்தன என்பது வெகு பின்னால்தான் உறைத்தது.

காஸா என்றதும் 1956. சூயஸ் நெருக்கடியின்போது, கனடாவின் லெஸ்டர் பியர்சன் முன்வைத்த யோசனைப்படி, போரிடாத ஒரு படையை எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் நடுவில் நிறுத்த வேண்டியிருந்தது. அதுவரை அப்படியொரு படை உலகில் இருந்ததில்லை. ஆள் திரட்டும் பொறுப்பு பன்ச்சுக்கு. தொலைவிலிருந்தே அடையாளம் தெரிய வேண்டும். நீலத் தொப்பி தைக்க நேரமில்லை. அமெரிக்க ராணுவத் தலைக்கவசத்தின் உட்பகுதிகளுக்கு நீலச் சாயம் அடித்துக் கொடுத்தார்கள். இன்று உலகம் அறிந்த நீலக் கவசம் இப்படி அவசரத்தில் பிறந்தது. அந்தப் படையில் இந்திய வீரர்கள் தொடக்கத்திலிருந்தே இருந்தார்கள்.

பத்தரை ஆண்டு அது எல்லையைக் காத்தது. 1967 மே மாதம் நாசர் வெளியேறச் சொன்னார். அப்போது படைத் தலைவர் இந்தியாவின் இந்தர்ஜித் ரிக்யே. தன் மண்ணில் இருக்கும் படைக்குச் சம்மதத்தைத் திரும்பப் பெற எகிப்துக்கு உரிமை உண்டு என்ற ஊ தாண்டின் முடிவுக்குப் பன்ச் துணை நின்றார். ஜூன் 5-இல் போர் மூண்டது. காஸாவில் புறப்படக் காத்திருந்த இந்திய வீரர்கள் சிலரும் உயிரிழந்தார்கள். ஃபலூஜாவிலிருந்து 1949-இல் மீண்டவரே பதினெட்டு ஆண்டு கழித்து அந்தப் படையைப் போகச் சொன்னார் என்பதைப் பன்ச் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

24.08.2022, இரவு 12.10

9-ஆம் தேதிக் குறிப்பை மறுபடி படித்தேன். தொழில்நுணுக்கத்தில் மயங்கிவிட்டேன் என்று தோன்றுகிறது.

ரோட்ஸில் இருந்த நாற்காலிகள் அரசுகளுக்கு. வீடிழந்து போன ஏறத்தாழ ஏழு லட்சம் பாலஸ்தீனியருக்கு அங்கே நாற்காலி இல்லை. அவர்களைப் பன்ச் மறந்தார் என்று சொல்ல முடியாது; கொல்லப்படுவதற்கு முந்தைய நாள் பெர்னடாட் முடித்த அறிக்கையில், அகதிகள் வீடு திரும்பும் உரிமையை உறுதிசெய்ய வேண்டும் என்று இருந்தது, அதை உருவாக்கியதில் பன்ச்சுக்குப் பெரும்பங்கு உண்டு. அதிலிருந்துதான் 1948 டிசம்பர் 11-இல் பொதுச் சபையின் 194-ஆம் தீர்மானம் வந்தது. ஆனால் ஒரு மாதம் கழித்துத் தொடங்கிய பேச்சின் நிகழ்ச்சி நிரலில் அது இல்லை. முடியக்கூடியதை மட்டும் மேசையில் வைப்பது பன்ச்சின் பலம். மேசையில் வைக்கப்படாதது முடியாமலே கிடக்கும்.

நாங்கள் ஒருமுறை மூன்று மாத இழுபறிக்குப் பின் நல்ல 12(3) ஒப்பந்தம் போட்டோம். ஊதிய உயர்வு, பஞ்சப்படி, எல்லாம். வெளியே மாலையும் பட்டாசும். பதிலித் தொழிலாளர் நூற்றுக்கும் மேற்பட்டோர் அந்த வேலைநிறுத்தத்தில் எங்களோடு பட்டினி கிடந்தார்கள். அவர்களை நிரந்தரமாக்கும் கோரிக்கையை, பேச்சு முறிந்துவிடும் என்று, இரண்டாம் நாளே 'பின்னர் பரிசீலிக்கப்படும்' என்று ஒதுக்கிவைக்க நாங்கள்தான் ஒப்புக்கொண்டோம். அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவன் நான். அழகான வாசகம் என்று அதிகாரி பாராட்டினார். அந்தப் 'பின்னர்' வரவேயில்லை. 'கோடு உண்டு, ஆனால் எல்லை இல்லை' என்ற வாக்கியத்தை நான் ஏன் அவ்வளவு ரசித்தேன் என்பது இப்போது புரிகிறது.

28.08.2022, காலை 8.00

இழையைத் தொடங்கியவர், 'சண்டையை நிறுத்தியவர் என்று ஒப்புக்கொள்கிறேன், சமாதானம் செய்தவர் என்று ஒப்பவில்லை' என்று எழுதியிருக்கிறார். பன்ச்சே சண்டை போட மாட்டார் என்று நினைக்கிறேன். பரிசையே வேண்டாமென்று எழுத முனைந்தவர் அவர், ஐ.நா. ஊழியர் சமாதானப் பணியைப் பரிசுக்காகச் செய்வதில்லை என்பது அவர் நிலை. ஐ.நா.வுக்கு நல்லது என்று பொதுச்செயலாளர் ட்ரிக்வே லீ சொன்னபின்தான் ஆஸ்லோ போனார்.

ஒன்றை விட்டுவிட்டேன்: பஹ்ரைன். ஈரான் அதைத் தன் மாகாணம் என்று நெடுங்காலம் உரிமை கொண்டாடியது. 1970-இல், பார்வை மங்கி உடல் நைந்த நிலையில், பன்ச் திரைமறைவில் பேசி, ஐ.நா. தூதர் ஒருவர் போய் மக்களின் விருப்பத்தைக் கேட்டறியும் ஏற்பாட்டுக்கு எல்லாரையும் கொண்டுவந்தார். சுதந்திரமே வேண்டும் என்றார்கள் மக்கள், பாதுகாப்புச் சபை ஒருமனதாக ஏற்றது, ஈரானும் ஏற்றது. ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை, ஆகவே யாருக்கும் நினைவில்லை. உங்கள் கணக்கில் இது எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

1965 போருக்குப் பின் இந்திய பாகிஸ்தான் சண்டை நிறுத்தத்தைக் கண்காணிக்கும் வேலையையும் நியூயார்க்கிலிருந்து கவனித்தவர் அவர்தான். 1971 டிசம்பர் 9 அன்று இறந்தார். மறுநாள் நாளிதழில் அந்தச் செய்தி வந்திருக்கும். எனக்கு அப்போது பதினைந்து வயது. வீட்டில் எல்லாரும் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, டாக்காவை நோக்கி நம் படை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.